சாராள் எழுதாமல் வைத்திருந்த தாள்

பார்வையில்லாத மாணவர் வாயால் சொல்லச் சொல்ல, தேர்வுத்தாளில் எழுதிக் கொடுப்பவருக்கு ஒரு விதி உண்டு. அவர் அந்த மாணவரைவிடக் குறைந்த படிப்புப் படித்தவராக இருக்க வேண்டும். பி.ஏ. மாணவருக்கு பி.ஏ. முடித்தவர் எழுதக் கூடாது. தனக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதிவிடுவாரோ என்ற சந்தேகம்தான் காரணம். நியாயமான விதி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் சாராள் செய்தது யாருக்கும் விளங்காது.

சாராள் சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பின்தெருவில் குடியிருந்தார். கணவர் தனசிங் ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். சாராள் கல்லூரிப் புகுமுக வகுப்பான பி.யூ.சி. வரை தேறியவர், கிண்டியில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து பார்வையில்லாத கல்லூரி மாணவர்களுக்காக ஒரு சங்கம் வைத்திருந்தோம். பாடங்களை வாசித்துக் காட்டவும் தேர்வு எழுதித் தரவும் ஆள் ஏற்பாடு செய்வது என் பொறுப்பு. சாராள் எங்களிடம் 1980-இல் வந்தார் என்று சிலர் சொல்வார்கள். விசாரிக்க வந்தது 1980 டிசம்பர். முதல் தேர்வு எழுதியது 1981 ஏப்ரல். இரண்டும் வேறு.

இந்த வேலைக்குக் கூலி கிடையாது. அலுவலகத்தில் சேர்த்து வைத்த விடுப்பையெல்லாம் அவர் ஏப்ரலிலும் நவம்பரிலும் இதற்கே செலவிட்டார். தேர்வுக்கு முந்தின வாரம் ஒரு மாலை அந்த மாணவருடன் உட்கார்ந்து, அவர் எவ்வளவு வேகமாகப் பேசுவார், எந்த இடத்தில் திணறுவார் என்று பழகிக்கொள்வார். தேர்வு அறையில் ஒரு வரி முடிந்ததும் பேனா முனையால் மேசையை மெல்லத் தட்டுவார். மாணவர் அடுத்த வரிக்குப் போகலாம் என்று அர்த்தம். மற்றபடி முகத்தில் சரி, தவறு எதுவும் காட்டமாட்டார். காட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒருமுறை கேட்டேன். "மூச்சு விடுறதுலயே கண்டுபிடிச்சிடுவாங்க சார்" என்றார்.

1989 டிசம்பரில் எங்கள் ஆண்டு விழா. பேச வந்த பிரமுகர் உணர்ச்சிவசப்பட்டு, "இந்தப் பிள்ளைகள் பட்டம் வாங்கினது இந்த அம்மாவோட கையாலதான்" என்று சொல்லி, சாராளுக்குச் சால்வை போர்த்தினார். கைதட்டல் ஓயுமுன் சாராள் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிக்கணும். நான் ஒரு வரிகூடச் சேத்தது இல்ல. கிளியம்மாள் ஹிஸ்டரியில ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கினது கிளியம்மாள்தான். அவ தப்பாச் சொன்ன வருஷத்தையும் தப்பாவேதான் எழுதியிருக்கேன். கேட்டுப் பாருங்க."

கூட்டத்தின் நடுவிலிருந்து கிளியம்மாளின் குரல் வந்தது. "ஆமா சார், அதுல எனக்கு ரெண்டு மார்க் போச்சு!"

கூடம் சிரித்தது. கிளியம்மாள் கூடுவாஞ்சேரிப் பெண். பி.ஏ. முடித்து அப்போது எம்.ஏ.வில் சேர்ந்திருந்தாள். பிறர் கையால் தேறியவள் என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவள். அன்று சாராள் சொன்னது அவளுக்கு எத்தனை பெரியது என்பது எங்களில் பலருக்குத் தெரியும்.

விழா முடிந்து தேநீர் குடிக்கும்போது ஜெயவேலு சாராளைத் தேடி வந்தார். மேடவாக்கத்துக்காரர், பழைய மாணவர், ஆங்கில பி.ஏ. அப்போது தாம்பரத்தில் ஒரு வங்கியில் டெலிபோன் ஆபரேட்டர்.

"இன்னாக்கா, இத்தினி பேருக்கு எழுதிக்கீறே, உன் டிகிரி இன்னா ஆச்சி?"

சாராள் அஞ்சல் வழியில் பி.ஏ. படித்துவந்தது எங்களுக்குத் தெரியும். "ஒரு பேப்பர் நிக்குது ஜெயவேலு" என்றார்.

"எது?"

"இங்கிலீஷ்."

ஜெயவேலுவுக்கு அது தாங்கவில்லை. அடுத்த செப்டம்பரில் சாராளின் அலுவலகத்தில் கண்காணிப்பாளர் பதவி உயர்வுக்குப் பட்டியல் போட இருந்தார்கள். பட்டம் இருந்தால்தான் அதில் இடம். அதைத் தவறவிட்டால் அடுத்த பட்டியல் எப்போது என்று அந்த அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. தனக்கு எழுதித் தந்தவர், தான் தேறிய பாடத்திலேயே தவறிக்கொண்டிருப்பதா? ஜெயவேலுவும் கிளியம்மாளும் கூடிப் பேசினார்கள். அடுத்த ஞாயிறு முதல் மேடவாக்கத்து வீட்டில் டேப் ரிக்கார்டரை வைத்துக்கொண்டு ஜெயவேலு பாடம் நடத்த ஆரம்பித்தார். எங்கள் சங்கத்தில் கண்ணுள்ளவர்கள் பேசிப் பதிவு செய்து மாணவர்கள் கேட்பதுதான் வழக்கம். இந்த முறை கேசட்டுகள் எதிர்த்திசையில் போயின. நானே சிலவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பின்னணியில் சேவல் கூவும், தண்ணீர் லாரி ஹாரன் அடிக்கும். நடுவே ஜெயவேலு, "பயப்படாதக்கா, கிராமர் இன்னா பேயா பிசாசா" என்பார்.

1990 ஏப்ரலில் அந்தத் தேர்வு நாள் காலை, சாராளை ரயிலேற்றிவிட ஜெயவேலு, கிளியம்மாள், நான் மூவரும் சிட்லபாக்கம் போனோம். லுங்கியோடு தனசிங் கதவைத் திறந்தார். எங்களைப் பார்த்ததும் திரும்பி உள்ளே பார்த்தார். உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"யாரு மாவு அரைக்கிறது, அக்காவா?" என்றாள் கிளியம்மாள். "பத்து மணிக்குப் பரீட்சை!"

சாராள் ஈரக்கையோடு வந்தார். "நான் போகலம்மா" என்றார்.

"ஒடம்பு சரியில்லையா?"

தனசிங் குறுக்கிட்டார். "ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. இந்தப் பேப்பருக்கு இவ என்னைக்குப் போனா? ஒவ்வொரு தடவையும் ஃபீஸ் கட்டுவா, ஹால் டிக்கெட் வரும், அலமாரியில வச்சிடுவா. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு எனக்கு ஆர்டர் வேற."

"நீங்க சும்மா இருங்க" என்றார் சாராள்.

"இருந்தேனே இத்தன வருஷம். சார், இவ இங்கிலீஷ்ல ஃபெயிலே ஆகல. எழுதினாத்தானே ஃபெயில் ஆக!"

ஜெயவேலு மெதுவாகக் கேட்டார். "ஏன்க்கா?"

சாராள் கையைச் சேலையில் துடைத்தார். "நான் பி.ஏ. ஆயிட்டா உங்களுக்கு யாரு எழுதறது? நம்ம அரிகிருஷ்ணனுக்கு பி.ஏ. முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருக்கு. அவன் முடிக்கட்டும்னு பாத்தேன்."

"போன வருஷம் கிளியம்மாள் முடிக்கட்டும்னே" என்றார் தனசிங். "அதுக்கு முன்ன ஜெயவேலு."

ஜெயவேலு அருகில் இருந்த நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். ஏழெட்டுக் கேசட் நிறைய இலக்கணம் சொல்லித் தந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். கிளியம்மாளுக்குத்தான் கோபம் வந்தது.

"எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களாக்கா?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவீங்க."

"சொல்லுவோம்தான்! எங்க மார்க் எங்களுதுன்னு மைக்ல சொன்னீங்களே, அப்ப உங்க பட்டம் மட்டும் எப்படி எங்களுக்காக நிக்கும்? நாளைக்கு லிஸ்ட்ல உங்க பேரு இல்லன்னா, எங்களாலதான் போச்சுன்னு நாங்க காலம் பூரா நினைச்சிக்கிட்டுத் திரியணுமா?"

"ஆள் இல்லையேம்மா."

"ஆள் தேடுறது எங்க வேல. நாங்க என்ன தூங்கிக்கிட்டா இருக்கோம்?"

சாராள் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்களாவது சொல்லுங்க. அடுத்த வாரம் அரிகிருஷ்ணனுக்குப் பரீட்சை. நான் வரேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

அப்போது ஜெயவேலு தலையை உயர்த்தினார். "ரிசல்ட் வர்ற வரைக்கும் நீ பி.யூ.சி. தானேக்கா?"

எல்லோரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். விதி எனக்கு வரி வரியாகத் தெரியும். பட்டம் பெற்றவர் எழுதக் கூடாது என்றுதான் அதில் இருந்தது. பட்டத் தேர்வு எழுதியவரைப் பற்றி ஒன்றும் இல்லை. அப்படியே சொன்னேன்.

"கிரைண்டர நான் பாத்துக்கறேன்" என்றார் தனசிங். "நீ கெளம்பு."

சானடோரியம் நிலையத்தில் ரயில் பிடித்து, சைதாப்பேட்டையில் இறங்கி, தேர்வு மையத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். வழியில் சாராள் தேர்வைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஊறவைத்த உளுந்தைத் தனசிங் கவனிப்பாரா என்றுதான் இரண்டு முறை கேட்டார். மதியம் வெளியே வந்ததும், "முதல்ல கையே ஓடல சார்" என்றார். "யாராவது சொல்லுவாங்கன்னு பேனாவைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். ஹால்ல இருந்த அம்மா வந்து, ஒடம்பு சரியில்லையான்னு கேட்டாங்க."

"அப்புறம்?" என்றார் ஜெயவேலு.

"உன் குரலையே நினைச்சிக்கிட்டேன். சேவல் சத்தத்தோட."

அடுத்த வாரம் அரிகிருஷ்ணனுக்குச் சாராள்தான் எழுதினார். அந்தக் கோடை முழுவதும் கிளியம்மாள் வெள்ளைக் கோலை ஊன்றிக்கொண்டு கூடுவாஞ்சேரியிலிருந்து தாம்பரம் வரை அலைந்தாள். பிளஸ் டூ முடித்த பெண்கள் இருக்கும் வீடுகளையும் தட்டச்சுப் பயிலகங்களையும் விசாரித்துக்கொண்டு போனாள். "சும்மா வந்து எழுது" என்று அவள் யாரையும் கெஞ்சவில்லை. எழுதித் தருபவருக்கு, எந்தத் தேர்வு, எந்த நாள், எத்தனை மணி நேரம் எழுதினார் என்று சங்கத்தின் கையெழுத்தோடு சான்று தர வேண்டும் என்று எங்களிடம் பேசி முடித்துவிட்டுத்தான் போனாள். வேலை தேடும்போது அவர்கள் அதைக் காட்டலாமே. அதுவரை எங்கள் அழைப்பிதழ்களில் நாற்காலி கொடுத்தவர் பெயர்கூட இருக்கும். எழுதியவர்கள் "மற்றும் அன்பர்கள்" என்ற இரண்டு சொல்லில் அடங்கிவிடுவார்கள். அந்த வருஷம் முதல் அவர்கள் பெயர்களும் தனித்தனியே அச்சாயின. வந்த பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சாராள் பழக்கிக் கொடுத்தார். அரிகிருஷ்ணனின் கடைசி வருடத்தை அவர்களில் ஒருத்தி, லாசரஸ் ஆசிரியரின் மகள் ஞானஜோதி, எழுதி முடித்தாள்.

ஜூலையில் முடிவு வந்தது. சாராள் இரண்டாம் வகுப்பு. செப்டம்பர் பட்டியலில் அவர் பெயர் கடைசிக்கு முந்தியதாக இருந்தது. அடுத்த ஜனவரியில் செங்கல்பட்டுக்குக் கண்காணிப்பாளராகப் போனார். தினமும் சென்னைக்குப் போகும் கூட்டத்துக்கு எதிர்த்திசை ரயிலில், உட்கார இடம் கிடைத்துப் போய்வந்தார்.

1991 ஏப்ரலில் கிளியம்மாளுக்கு எம்.ஏ. இறுதித் தேர்வு. எழுத வேண்டிய பட்டதாரிக்கு ஊர் மாற்றலாகிவிட்டது. பி.ஏ. முடித்தவர் எம்.ஏ.வுக்கு எழுதலாம் என்பதால் நான் சாராளைக் கேட்டேன், உடனே சம்மதித்தார். தேர்வு நாளன்று மேற்பார்வையாளர் கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். நான் வாசலில் நின்றிருந்தேன்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்" என்றாள் கிளியம்மாள். "எம்.ஏ. அப்ளிகேஷன் எதுவும் வாங்கி வீட்டுல மறைச்சு வச்சிருக்கீங்களா?"

"இல்லம்மா."

"வாங்கினா என்கிட்ட முதல்ல சொல்லணும்."

"சொல்றேன். இப்ப கேள்விய படிக்கட்டுமா, வேண்டாமா?"

"படிங்க" என்றாள் கிளியம்மாள். சாராள் முதல் கேள்வியை வாசித்தார்.