அரை மணிக்கு ஒரு சேதி

பிள்ளைகளே, கிள்ளான் திரும்பும் வழியில் சுங்கை பீசி விமானத் திடலில் நிற்கிறேன். கம்பியில்லாத் தந்திக் கொட்டகையில் செந்தூல்காரர் தாமஸ் காதுக்கருவியோடு உட்கார்ந்திருக்கிறார். கடல்மேல் வரும் விமானத்தார், தாங்கள் இருக்கும் இடத்தை அரை மணிக்கு ஒருமுறை தந்தியில் தட்டிச் சொல்ல வேண்டுமாம்.

தாமஸ் கையை உயர்த்துகிறார். வணக்கம் என்று நினைத்து, "தம்பி, சாப்பிட்டாச்சா?" என்று உரக்கக் கேட்கிறேன்.

அவர் எழுதிக்கொண்டிருந்த பென்சில் நின்றுவிடுகிறது. தந்தியைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார்.

"அண்ணே, பேசாதீங்கன்னுதானே கை காட்டினேன்! அவுங்க சொன்ன இடம் காதுல விழாமப் போச்சே! திரும்பக் கூப்பிட்டும் பதில் இல்ல. இனி அரை மணிக்கு அவுங்க எங்கன்னே தெரியாது."

வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வருகிறது. வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன்.

அரை மணி கழித்துப் பென்சில் ஓடுகிறது. தாமஸ் நிமிர்கிறார். "இருக்காங்கண்ணே. நான் இன்னும் சாப்பிடல."

நான் தலையை மட்டும் ஆட்டுகிறேன்.