மாமா திருப்பிய டிஸ்ரிபியூட்டர்

தலைமன்னார் வீட்டு முற்றத்தில் என் மகன் பழைய காரொன்றின் எஞ்சினை மாற்றிக் கட்டியிருந்தான். இன்று காலை, வேகம் கூடட்டுமென்று, எஞ்சினுக்குள் தீப்பொறி விழும் நேரத்தை மாற்றும் டிஸ்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பினான். சுத்தியலால் தட்டுவதுபோல் எஞ்சினுக்குள் சத்தம் எழுந்தது. அந்தச் சத்தத்தை நான் முன்பும் கேட்டிருக்கிறேன்.

யுத்த காலத்தில் நாங்கள் கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் இருந்தோம். பெற்றோல் இல்லை, கார் மண்ணெண்ணெயில் ஓடியது. அதற்கேற்ப, தீப்பொறி சற்றுப் பிந்தி விழும்படி அப்பா டிஸ்ரிபியூட்டரை வைத்திருந்தார்; முந்தி விழுந்தால் மண்ணெண்ணெயில் எஞ்சின் தட்டி உடைந்துவிடும். அம்மாவின் தம்பி, என் மாமா, நண்பர்களுக்கு வேகம் காட்ட அதைத் திருப்பிவிட்டார். ஒருவரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் அம்மாவுக்குப் பிரசவ வலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் இதே சத்தம். வயல்வெளி நடுவே பிஸ்டன் ஓட்டையாகி கார் நின்றது. காரின் பின் சீற்றிலேயே தம்பி பிறந்தான். அவன் அழவேயில்லை.

செத்த வீட்டில் மாமா, “சண்டைக் காலம், என்ன செய்யிறது அக்கா?” என்றார்.

“சண்டையிலயோடா பழி போடுறாய்? திருப்பினது நீ. சொல்லாமல் விட்டதும் நீ,” என்றா அம்மா. அதன்பிறகு அவருடன் பேசவேயில்லை.

மாமா இன்றும் அதையேதான் சொல்கிறார். ஊரும் தலையாட்டுகிறது.

“நிப்பாட்டடா!” என்று கத்தினேன். மகன் திகைத்துப்போய் எஞ்சினை நிறுத்தினான்.