அதாவுல்லா வீடு விற்றது

ஆம்பூரில் அதாவுல்லாவை ஓரிடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. தோல் பதனிடும் ஷாப்பில் ஆட்டுத்தோலைத் தரம் பிரிப்பது அவர் வேலை. பொழுதெல்லாம் நின்றே செய்யவேண்டியது. 1931-இல் சீமையில் தோல் விலை விழுந்தபோது முதலாளி ஷாப்பைச் சாத்திவிட்டார். வேலை போனபிறகும் அதாவுல்லாவின் கால்கள் நிற்கவில்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக அலைந்துகொண்டே இருந்தார்.

மைத்துனர் ஷபீ அஹமது சென்னை பெரியமேட்டில் ஒரு தோல் மண்டியில் அவருக்கு வேலை பேசிவைத்திருந்தார். ரம்ஜானுக்கு முன்னால் வந்து சேர்ந்தால்தான் இடம் கிடைக்கும் என்று சொல்லியனுப்பினார். அன்று முதல் அதாவுல்லாவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. வீட்டை விற்றாகவேண்டும், உடனே விற்றாகவேண்டும்.

முதல் காரியமாக டீக்கடைக்குப் போய், "ரம்ஜானுக்குள்ள முடிச்சிட்டு மெட்ராஸ் போய்டணும் பாய், யாராவது இருந்தா சொல்லுங்க" என்று எல்லாரிடமும் சொன்னார். மசூதி வாசலிலும் சொன்னார், கறிக்கடையிலும் சொன்னார்.

கேட்டவர்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாருக்கும் அவருடைய அவசரம் முன்பே தெரிந்திருந்தது. வேலூர் லாங் பஜாரில் மண்டி வைத்திருந்த ஒருவர் வீட்டை முழுக்கப் பார்க்காமலே பாதி விலை கேட்டார். "நீங்கதான் போகணும்னு நிக்கிறீங்களே, நானா நிக்கிறேன்?" என்று சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினார்.

அடுத்து வந்தவர் பொறுமையாகச் சுற்றிப் பார்த்தார். ஆனால் அதாவுல்லா அவர் முதுகை விட்டு அகலவில்லை. "இது தேக்கு உத்தரம், இங்க காத்து ஜாஸ்தி, அந்தச் செவுரு இப்பத்தான் சுண்ணாம்பு அடிச்சோம்" என்று மூச்சு விடாமல் பேசினார். இப்போது ஏன் அடித்தார்கள் என்று அந்த மனிதருக்குச் சந்தேகம் வந்தது. சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஐப்பசி மழையில் ஊறிய ஈரம் சுண்ணாம்பையும் தாண்டிக் கையில் ஒட்டியது. கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

"அவரைத் தனியா பார்க்க வுட்டிருக்கலாம்" என்றாள் மனைவி நசீமுன்னிசா.

"நீ வேற பேஜார் பண்ணாதே!" என்று அதாவுல்லா மறுபடியும் வாசலுக்குப் போனார்.

மூன்றாவதாக வந்தவர் முனீர் அகமது, வாணியம்பாடிக்காரர். மனைவி சைராவும் கூட வந்திருந்தாள். ஆண்கள் கூடத்தில் உட்கார, சைராவை நசீமுன்னிசா திரைக்கு உள்ளே அழைத்துப்போனாள். சைரா குடிக்கத் தண்ணீர் கேட்டாள். ஆட்கள் பார்க்க வருகிற நாட்களில் பாலாற்று ஊற்றிலிருந்து ஒரு குடம் எடுத்துவந்து, கிணற்றுத் தண்ணீர் என்று கொடுக்கச் சொல்லியிருந்தார் அதாவுல்லா. நசீமுன்னிசா ஊற்றுத் தண்ணீரைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு உண்மையையும் சொன்னாள்.

"இது ஆத்துத் தண்ணி. நம்ம கிணறு முன்னே நல்லாத்தான் இருந்தது. பக்கத்துல ஷாப்பு வந்தப்புறம் உப்பாய்டுச்சி. குளிக்க, தொவைக்க ஆவும். குடிக்க ஆவாது. பின்பக்கச் செவுரும் மழையில ஓதமடிக்கும்."

திரைக்கு இந்தப்பக்கம் இருந்த அதாவுல்லாவுக்கு அது கேட்டது. எல்லாம் முடிந்தது என்று எழுந்துவிட்டார். ஆனால் முனீர் கிளம்பவில்லை. திரையருகே போய் மனைவியிடம் பேசிவிட்டு வந்தவர், "எங்க பழைய வூட்லயும் இதே தண்ணிதான் பாய். சொல்லிட்டது நல்லதாப்போச்சு" என்றார். பிறகு கேட்டார்: "வேற பங்குதாரர் யாராவது உண்டா?"

"நான் ஒருத்தன்தான்" என்று அதாவுல்லாவின் வாயிலிருந்து வந்துவிட்டது.

அவர்கள் போனதும் நசீமுன்னிசா எதிரே வந்து நின்றாள். "ஆபா இருக்காங்களே, அவங்க இன்னா ஆனாங்க?"

பேரணாம்பட்டில் இருந்த அக்காள் பக்ருன்னிசாவுக்குத் தகப்பன் வீட்டில் பங்கு உண்டு. ஒரு கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தியில் நடந்த சண்டைக்குப் பிறகு அக்காளும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. அவளிடம் போவதைவிடப் பொய்ப் பத்திரம் எழுதுவதே மேல் என்று அவருக்குத் தோன்றியிருந்தது. அன்றைக்கு எத்தனை தடவை கூடத்தைச் சுற்றினாரோ! மறுநாள் பேரணாம்பட்டுக்கு மோட்டார் பஸ் ஏறிவிட்டார்.

பக்ருன்னிசா கதவைத் திறந்ததும் கேட்டாள்: "வூட்டை விக்கிறியாமே? கறிக்கடைக்காரனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது."

"தப்புதான் ஆபா."

"கைநாட்டு வைக்கமாட்டேன்னு பயந்தியா, பங்கு கேட்டுடுவேன்னு பயந்தியா?"

அவள் சோறு போட்டாள். அவர் சாப்பிட்டு முடித்ததும் புர்காவை எடுத்துக்கொண்டாள். "நட. இனிமே நான் பேசறேன். நீ வாயத் தொறக்காதே."

ஆம்பூருக்கு வந்ததும் முனீரையும் சைராவையும் அழைத்துவரச் சொன்னாள். திரைக்குப் பின்னால் இருந்து முதலில் தன் பங்கைச் சொன்னாள், தம்பி சொன்னது பொய் என்றும் சொன்னாள். அதாவுல்லா தலை குனிந்து நின்றார். முனீர் முகம் கறுத்தது. போய்விடுவாரோ என்றிருந்தது. சைராதான் அவரை நிறுத்தினாள். "இவங்க சொல்லலைன்னா நாளைக்கு நாமதானே கோர்ட்டுக்கு அலைவோம்?"

பக்ருன்னிசா விலையைச் சொன்னாள். சுவருக்கும் கிணற்றுக்கும் தானே கொஞ்சம் கழித்தாள். அதற்குமேல் ஒரு தம்பிடி இறங்கவில்லை. "அவசரம் என் தம்பிக்கு. எனக்கு இல்ல. அடுத்த வருஷம் வித்தாலும் எனக்குச் சரி" என்றாள். முனீர் இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். ரிஜிஸ்தர் அதிகாரி வீட்டுக்கே வந்து, திரைக்குப் பின்னால் இருந்தவளிடம் சம்மதம் கேட்டு, கைரேகை வாங்கிக்கொண்டு போனார்.

ரம்ஜானுக்குச் சில நாட்கள் இருக்கும்போது அதாவுல்லாவும் நசீமுன்னிசாவும் ரயிலேறினார்கள். வழியனுப்ப வந்த பக்ருன்னிசா, நோன்புக்கு வறுத்த சேமியாவைத் துணியில் முடிந்து நசீமுன்னிசாவின் மடியில் வைத்தாள். தம்பியிடம், "பெருநாளைக்கு வந்துடு. நான் வந்து கூப்புடமாட்டேன்" என்றாள்.

அரக்கோணத்தில் வண்டி வெகுநேரம் நின்றது. அதாவுல்லா இறங்கி பிளாட்பாரத்தில் நடக்க ஆரம்பித்தார். என்ஜின் வரை போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார். நசீமுன்னிசா ஜன்னலோரம் முக்காட்டை விலக்கி, "இன்னாங்க, இன்னும் இன்னா?" என்று கேட்டாள்.

அவர் ஜன்னலருகே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்த ஆளு ரெண்டே நாள்ல ஒத்துக்கிட்டாரே. கம்மியா குடுத்துட்டமோ?"

நசீமுன்னிசா சிரித்துவிட்டாள். "ஏறுங்க, வண்டி கெளம்பப்போவுது" என்றாள். அவர் ஏறினார். ஆனால் உட்காரவில்லை, பேசின்பிரிட்ஜ் வரை கதவைப் பிடித்துக்கொண்டே வந்தார்.