பூஜ்யத்துக்குக் கீழே ஒரு மணி

அவரை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். படித்தது மூன்றாம் வகுப்பு. பார்த்த நோயாளிகள் அத்தனையும் தையல் மெஷின்கள். காதை மெஷின் மேல் வைத்துச் சக்கரத்தை ஒரு தரம் சுற்றினாரென்றால் எந்தப் பல் தேய்ந்திருக்கிறது, எந்தக் கம்பி வளைந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். நாற்பத்தெட்டு வருஷத்தில் அவர் கை வைத்துத் தோற்ற மெஷின் கிடையாது. இதை அவரே சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

அந்தக் கைதான் மாடி அறையில் நாற்பது கணக்கு மெஷின்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. கரண்ட் வேண்டாத, கைப்பிடியைச் சுற்றினால் விடை சொல்கிற பழைய இரும்பு ஜாதி. ஆறாம் வாய்ப்பாட்டுக்கு மேல் டாக்டருக்கு வராது. அதனாலேயோ என்னவோ, ஒன்பது பூஜ்யமாகப் புரளும்போது பக்கத்துக் கட்டத்தில் தானாக ஒன்று ஏறுவதைப் பார்த்தால் அவருக்கு இன்றும் மயிர்க்கூச்செறியும். "இரும்புக்கு யாரு பாடம் நடத்தினது?" என்பார்.

"இரும்புக்கு ஒரு ரூமு. எனக்குத் துணி காயப்போட ஒரு மூலை கிடையாது," என்பாள் மனைவி.

நாற்பத்தொன்றாவது மெஷின், சர்வே ஆபீஸில் முப்பது வருஷம் நிலக் கணக்குப் போட்டு ஓய்வு பெற்ற ஓர் அம்மாவுடையது. ஆபீஸில் அதைக் கழித்துக்கட்டியபோது, தன் மேஜையில் இருந்ததாயிற்றே என்று வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார். இப்போது கைப்பிடி அசையவில்லை.

"ஓட வச்சீங்கன்னா உங்ககிட்டயே இருக்கட்டும். ஓடலைன்னா திருப்பிக் கொடுத்துடணும். ஞாயித்துக்கிழமை வந்து பார்ப்பேன்."

"ஆள் தெரியாம பேசுறீங்கம்மா," என்றார் டாக்டர்.

மண்ணெண்ணெயில் குளிப்பாட்டி, பல் பல்லாகத் துடைத்து எடுத்ததில் நாலாம் நாள் ஓடியது. கூட்டியது, பெருக்கியது. ஆனால் எல்லாக் கட்டத்திலும் பூஜ்யத்தை வைத்துக்கொண்டு, ஒன்றைக் கழிக்கக் கைப்பிடியைப் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், பதின்மூன்று கட்டத்திலும் ஒன்பது வந்து நின்றது. உள்ளே ஒரு மணி 'டிங்' என்றது.

இதே வியாதியுள்ள மூன்று மெஷின்கள் கட்டிலுக்கடியில் கோணி போர்த்திப் படுத்திருந்தன. மணி இல்லாத மெஷின்கள், ஆனால் அதே ஒன்பது. தோல்வி என்று அவர் சொல்ல மாட்டார். பெட் ரெஸ்ட் என்பார்.

"ஒண்ணுமில்லாததுல இருந்து ஒண்ணை எடுத்தா இப்படிக் கோடிக்கோடியா கொட்டுது. பைத்தியம் புடிச்ச மெஷின்," என்று மனைவியிடம் புலம்பினார்.

"ஒண்ணுமில்லாதவன்கிட்ட புடுங்கினா அவன் கத்தத்தாங்க செய்வான்," என்றாள் அவள், வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

சனிக்கிழமைவரை மல்லுக்கட்டியும் ஒன்பது போகவில்லை. கடைசியில் மணியையாவது காதில் விழாமல் செய்வோம் என்று கழற்றி, ஒரு மிட்டாய் டப்பாவில் போட்டார். எழுத்து சரியாக வராததால், எந்தச் சாமானைக் கழற்றினாலும் டப்பா மூடியில் அதன் படத்தை வரைந்து வைப்பது அவர் பழக்கம். மணியையும் வரைந்தார்.

ஞாயிறு அந்த அம்மா வந்து உட்கார்ந்தார். விரல்கள் தாமாகவே எண் வைக்கிற பற்களைத் தேடிப் போயின. "ஒண்ணை ஏழால வகுப்போம்," என்று கைப்பிடியைப் பின்னால் சுற்றினார். இரண்டு, மூன்று, நாலு. கை நின்றது.

"மணி எங்கே?"

"அது கோளாறும்மா. பூஜ்யத்துக்குக் கீழ போனா ஒம்பதா வருது, மணி வேற அடிக்குது. கழட்டிட்டேன்."

"கோளாறா? டாக்டரே, நீங்க அதோட நாக்கை அறுத்து வச்சிருக்கீங்க." அம்மாவுக்குக் குரல் உயரவில்லை. "வகுக்கிறதுன்னா திரும்பத் திரும்பக் கழிக்கிறதுதான். ஒரு தடவை அதிகமா கழிச்சுட்டா ஒம்பது வரும், மணி அடிக்கும். போதும், ஒண்ணைத் திருப்பிக் கொடுன்னு அர்த்தம். முப்பது வருஷம் நான் கட்டத்தைப் பார்த்ததே இல்லை. மணியைத்தான் கேட்டேன்." மெஷினின் உறையைக் கையில் எடுத்தார். "இது ஓடலை."

டாக்டர் மிட்டாய் டப்பாவை எடுத்தார். "தெரியாம பண்ணிட்டேம்மா. அரை மணி நேரம் குடுங்க."

வாசற்படியில் நின்ற மனைவி திகைத்துப்போனாள். 'தெரியாம பண்ணிட்டேன்' என்ற பேச்சை அந்த வாயிலிருந்து அவள் கேட்பது அதுதான் முதல் தரம்.

மணி ஏறியதும் அம்மா மறுபடி தொடங்கினார். பின்னால் இரண்டு சுற்று, டிங். முன்னால் ஒன்று. விடைக் கட்டங்களைத் தாங்கிய வண்டியை ஒரு கட்டம் நகர்த்தினார். பின்னால் ஐந்து, டிங். முன்னால் ஒன்று. அவர் கண்கள் ஜன்னலுக்கு வெளியே இருந்தன. டாக்டர் மட்டும் கட்டத்தைப் பார்த்தார். ஒன்று, நாலு, இரண்டு, எட்டு, ஐந்து, ஏழு. பிறகு மறுபடி அதே ஒன்று, அதே நாலு.

"திரும்பவும் அதேதான் வருதும்மா."

"எத்தனை நாள் சுத்தினாலும் அதேதான் வரும்."

டாக்டர் குனிந்து மெஷின் மேல் காதை வைத்தார். பித்தளையும் எஃகுமாகச் சேர்ந்த ஒரு பெட்டி, தான் ஒரு படி தாண்டிவிட்டதைத் தானே கண்டுபிடித்துச் சொல்கிறது. அவருக்கு அதைச் சொல்ல அறுபத்தேழு வயது ஆகியிருந்தது.

அம்மா உறையை மடித்து மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

டாக்டர் கட்டிலுக்கடியில் குனிந்தார். மூன்று மெஷின்களையும் ஒவ்வொன்றாக இழுத்தெடுத்து, கோணியை உதறி, மேல் தட்டில் வெளிச்சம் படும்படி ஏற்றினார். ஒவ்வொன்றிலும் பூஜ்யத்தை வைத்துப் பின்னால் ஒரு சுற்று. தட்டு முழுக்க ஒன்பது ஒன்பதாக வரிசை கட்டி நின்றது.

"ஒண்ணுமில்லாதவன் கத்தத்தான் செய்வான்னு நான் அன்னிக்கே சொன்னேன்ல," என்றாள் மனைவி.

"சொன்னே," என்றார் டாக்டர்.