சுமாத்ரா காற்று வந்த திங்கட்கிழமை

கடலைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ரப்பர் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி மலாக்காவுக்கு வந்தவள் நான். காஜா பேராங்கில், மலாக்காச் செட்டிகள் குடியிருக்கும் கம்பத்தில், ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தோம். எந்தக் காற்று படகை நிறுத்தும் என்பதை மட்டும் ஒரே காலையில் கற்றுக்கொண்டேன். அதற்குக் கொடுத்த விலை அதிகம்.

ஜப்பான்காரன் வந்ததும் கடிகாரங்களை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கச் சொல்லி உத்தரவு போட்டான். தோக்கியோவில் என்ன மணியோ அதுதான் மலாக்காவிலும். எங்கள் சுவர்க் கடிகாரத்தை முக்காலியில் ஏறித் திருப்பி வைத்தவர் என் வீட்டுக்காரர். முக்காலி ஆடாமல் பிடித்துக்கொண்டவள் நான். அதன்பிறகு இருட்டில் எழுந்து ‘மணி ஏழு’ என்று சொல்லிக்கொள்ளப் பழகிவிட்டோம். எல்லாமே தலைகீழாய்க் கிடந்த காலத்தில் இது ஒரு பெரிய விஷயமாகவே தோன்றவில்லை.

அவர் சைக்கிள் கடையில் வேலை பார்த்தவர். கடை மூடிக் கிடந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இந்த வாரம் லாரி வரும், பட்டியலில் உன் பெயரும் இருக்கிறது என்று தெருவுக்குப் பொறுப்பானவர் அவரிடம் ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போனார். போனவர்களில் ஒருவர்கூட அதுவரை திரும்பியிருக்கவில்லை. அக்கரையில், சுமாத்ராவில், மீன் காய வைக்கும் இடத்தில் என் வீட்டுக்காரருடைய பெரியப்பா மகன் இருந்தார். அங்கே போய் ஒளிந்துகொள்வது என்று முடிவானது.

ஆற்று வாயிலிலிருந்து கிளம்பும் தொங்காங் என்ற பாய்மரச் சரக்குப் படகு ஒன்றின் தண்டல், அதாவது படகுத் தலைவர், ஒரு மலாய்க்காரர், ஏற்றிப்போகச் சம்மதித்தார். படகைச் செலுத்த அவரிடம் ஆள் குறைவு. என் வீட்டுக்காரர் துடுப்புப் போட வேண்டும் என்பதுதான் பேச்சு. ஆற்று வாயில் முழுக்கச் சேறு. தண்ணீர் நிறைந்திருக்கும்போது தாண்டினால்தான் உண்டு. “திங்கட்கிழமை சூரியன் வரும்போது தண்ணீர் நிறையும். அதற்கு முன்னால் வந்துவிடு” என்றார். அவர் கடிகார மணி எதுவும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை கிழக்கு வெளுக்கும்போது இவர் மூட்டையைத் தூக்கினார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழரை.

“ஐயோ, திங்கக்கெழம ஏழரைங்க! ராகுகாலம். ஒம்பது வரைக்கும் வாசப்படிய தாண்டக்கூடாது.”

“தண்டல் காத்திருப்பாரு.”

“காத்திருக்கட்டும். போற காரியம் என்ன சாதாரண காரியமா?” என்று முறத்தை வாசலில் குறுக்கே வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மூட்டையை இறக்கி வைத்தார். அவித்த மரவள்ளிக்கிழங்கு இருந்தது. தேங்காய்ப்பூ போட்டு இரண்டு பேரும் தின்றோம். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. பெரிய ஆபத்திலிருந்து அவரைக் காப்பாற்றிவிட்டதாக நினைப்பு.

ஒன்பது அடித்ததும் கிளம்பினார். முன்கட்டில் வீட்டுக்குச் சொந்தக்காரியான செட்டியம்மா மேற்கே பார்த்தபடி நின்றிருந்தார். தலைமுறை தலைமுறையாய் மலாக்காவிலேயே இருந்துவிட்ட குடும்பம்; அந்த அம்மாவுக்குத் தமிழ் வராது, எல்லாம் மலாய்தான். “சுமாத்ரா டாத்தாங்! லெக்காஸ், லெக்காஸ்!” என்று இவரை விரட்டினார். சுமாத்ரா காற்று வருகிறது, சீக்கிரம் போ என்று அர்த்தம். மேற்கே வானம் சட்டியின் அடிக்கரியாக இருந்தது. இவர் தெருமுனை திரும்புவதற்குள் காற்று கூரைத் தகரத்தைத் தூக்கியது.

மத்தியானம் சொட்டச் சொட்ட நனைந்து திரும்பி வந்தார். இவர் இல்லாமல் படகைத் தள்ள முடியாமல் தண்டல் ஆற்றுக்குள்ளேயே காத்திருந்திருக்கிறார். இவர் போய்ச் சேர்ந்தபோது ஆற்று வாயில் முழுக்க அலை உடைந்துகொண்டிருந்ததாம். நேரத்தோடு கிளம்பிய இன்னொரு தொங்காங் அதற்குள் வெளிக்கடலுக்குப் போய்விட்டது. வெளியே போய்விட்டால் பாயை இறக்கிப்போட்டுக் காற்றைத் தாங்கிவிடலாம், வாயிலில் மாட்டினால்தான் படகு கவிழும் என்று தண்டல் சொன்னாராம். காற்று ஓய்வதற்குள் தண்ணீர் வடிந்து, தொங்காங் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. அந்த மனுஷர் இவரை ஒரு வார்த்தை திட்டவில்லை என்றார். செவ்வாய்க்கிழமையும் அலை அடங்கவில்லை. புதன்கிழமை கடல் தட்டுப்போலக் கிடந்ததாம். அன்று விடியுமுன்னே லாரி எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. கட்டிய மூட்டை கட்டியபடியே இருந்தது. அதை எடுத்துக்கொண்டுதான் லாரியில் ஏறினார்.

அவர் போன மறுவாரம் அரிசி களையும்போதுதான் எனக்கு உறைத்தது. கடிகாரத்தைத்தான் தள்ளி வைத்தோம், ராகுகாலம் எப்படித் தள்ளிப்போகும்? பழைய ஏழரை என்பது ஜப்பான் மணியில் ஒன்பது. நல்ல நேரம் முழுவதும் அவரைப் பிடித்து உட்கார வைத்து, ராகுகாலம் பிறந்த நிமிஷத்தில் வழியனுப்பியிருக்கிறேன். சூரியனே உதிக்காமல் ராகுகாலம் எங்கிருந்து வரும் என்றுகூட யோசிக்காத மடச்சி! யாரிடமும் சொல்லவில்லை.

ஜப்பான் சண்டை முடிந்து அவர் திரும்பி வந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. சயாமில் புண் வந்து அழுகி, எடுத்துவிட்டார்கள். திரும்பச் சைக்கிள் டியூப் ஒட்டும் வேலைக்குப் போனார். அந்தக் காலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முறம்தான் கண்ணில் வரும்.

அந்தத் திங்கட்கிழமைக்குப் பதினோரு வருஷம் கழித்து ஒரு காலையில் அதே போலச் சுமாத்ரா காற்று அடித்தது. அவர் முக்காலியில் உட்கார்ந்து டியூப் ஒட்டிக்கொண்டிருந்தார். என்னால் அடக்க முடியவில்லை.

“அன்னைக்கு நான்தாங்க உங்கள கெடுத்தேன். அது ராகுகாலமே இல்ல. ஜப்பான் மணிய பாத்து சொல்லிட்டேன்.”

“தெரியும்” என்றார், டியூபிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“என்ன தெரியும்?”

“கடிகாரத்த திருப்பி வச்சதே நான்தானே. எனக்குத் தெரியாதா?”

“அப்ப வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?”

ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். “எனக்குப் போக மனசில்ல. ஒன்கூட இருக்க ஒன்றர மணி நேரம் கெடச்சிச்சேன்னு உக்காந்துட்டேன். காத்து வரும்னு யாரு கண்டா?”

வந்ததே எனக்கு ஆத்திரம்! கையில் இருந்த அகப்பை சுவரில் போய் விழுந்தது. பதினோரு வருஷம் ஒற்றை ஆளாய் நான் வெந்துகொண்டிருக்க, இந்த மனுஷன் பாட்டுக்குப் பசை தடவிக்கொண்டிருந்திருக்கிறார். வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டே அழுதேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் அகப்பையை எடுத்துக் கழுவிக்கொண்டே சொன்னேன்: “இனிமே என்கூட உக்காரணும்னா வாயத் தொறந்து கேளுங்க. நான் இருக்கேன்.”

“சரி, உக்காரு” என்றார்.