செயற்கை இடுப்பு மூட்டோடு ராயபுரத்திலிருந்து கோவைக்கு

வெள்ளைத் துணியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மஞ்சளாக ஈரம். போன செவ்வாய்க்கிழமை காலை அம்மாவின் படுக்கையை உதறும்போது அதைத்தான் முதலில் பார்த்தேன்.

அம்மாவுக்கு இடுப்பெலும்பில் புற்றுக்கட்டி. மூன்று மாதத்துக்கு முன்பு கோவையில் கட்டியோடு அந்த எலும்பையும் வெட்டி எடுத்துவிட்டு, உலோகத்தில் செயற்கை மூட்டு வைத்தார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கத் தொடங்கியிருந்தார். தையல் போட்ட இடத்தில் புடவை உரசாமலிருக்க பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் வெட்டுத்துணியை மடித்து வைத்துக்கொள்வார். திருப்பூரில் எங்கள் ராயபுரத்தில் எந்த வீட்டிலும் வெட்டுத்துணி ஒரு மூட்டையாவது கிடக்கும். சிவப்பு, கருநீலம் என்று கைக்கு வந்ததை எடுப்பார். பத்து நாளாகவே அவை ஈரமாக இருந்தன. கேட்டால், வேர்வையில் சாயம் இறங்குகிறது என்பார். திருப்பூரில் அந்தப் பதிலுக்கு மேல் யாரும் கேட்பதில்லை. ஆனால் அன்றைக்கு இருந்தது சாயமே ஏற்றாத துணி.

ஆபரேஷன் செய்த கோவை மருத்துவமனைக்குப் போன் செய்தேன். உடனே கூட்டி வரச் சொன்னார்கள். எங்களுக்காக எங்கேயும் பேசுகிறவர் மாமா. அவர் முருங்கைக்காய் லோடு ஏற்ற மூலனூர் போயிருந்தார், சாயங்காலம்தான் வர முடியும் என்றார். நான் பத்தாவதோடு நின்றுவிட்டு ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். அங்கே லீவு கேட்கக்கூட என் தோழிதான் எனக்காகப் பேசுவாள்.

வாடகைக் கார் பிடித்தோம். ஐம்பத்தைந்து கிலோமீட்டர், 1,900 ரூபாய். காலை 8.10க்குக் கிளம்பினோம். முன்சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளிச் சாய்த்து, அம்மாவை உட்கார வைத்தோம். ஒவ்வொரு வேகத்தடையிலும் அம்மா கதவுப் பிடியை இறுக்குவதைப் பார்த்து டிரைவர் அண்ணன் வண்டியை ஊர்ந்துபோக விட்டார். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போகச் சொன்னார் அம்மா.

"ஏனுங்கக்கா, இதுக்கு மேல மெதுவாப் போனா நடந்து போறவங்க நம்மளுக்கு வழி உடச் சொல்லுவாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை. அவிநாசி தாண்டியதும் தலையைத் திருப்பாமலே சொன்னார்: "டாக்டர் கேட்டா நேத்திருந்துதான்னு சொல்லு கண்ணு. ரொம்ப நாளுன்னா மூட்டைக் கழட்டிப் போடுவாங்க."

அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. போன தடவை பக்கத்துக் கட்டிலில் இருந்த அக்காவுக்குச் சீழ் பிடித்து, வைத்த மூட்டையே எடுத்துவிட்டார்கள். அவர் கால் குட்டையாகிப் போனதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

பத்து மணிக்கு உள்ளே போனோம். டாக்டர் துணியை விலக்கிப் புண்ணைப் பார்த்து, எத்தனை நாளாகக் கசிகிறது என்று கேட்டார்.

"நேத்திருந்துதானுங்க சாமி," என்றார் அம்மா.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். என் கை அம்மாவின் கைக்குள் இருந்தது. நேற்றிலிருந்து என்றால் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவாரோ என்று தோன்றியது. அப்படி அனுப்பினால் வீட்டில் என்ன ஆகும் என்றும் தோன்றியது.

"பத்து நாளாக் கசியுதுங்க," என்றேன். சத்தம் வரவில்லை. இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. அம்மா கையை விடுவித்துக்கொண்டார்.

கிருமி மூட்டுவரை போயிருக்கலாம், திறந்து கழுவித்தான் பார்க்க வேண்டும், மோசமாக இருந்தால் மூட்டை எடுக்க வேண்டிவரும் என்றார் டாக்டர். நான்கு மணிக்கு அம்மாவை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். ஆறரைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மாமா இன்னும் வந்து சேரவில்லை. மூட்டை இப்போதைக்கு எடுக்கவில்லை, கிருமிப் பரிசோதனை முடிவு வர ஐந்து நாள் ஆகும், அதுவரை எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். இதை எழுதும்போதும் அந்த முடிவு வரவில்லை.

இப்படி யாரையாவது கூட்டிப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஆட்டோ வேண்டாம். உயரமான சீட் உள்ள காராகக் கேளுங்கள், முட்டி இடுப்பைவிட மேலே வரக் கூடாது. டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காதீர்கள். புண்மேல் வீட்டுத் துணி எதையும் வைக்காதீர்கள், கலர்த் துணி வைக்கவே வைக்காதீர்கள், கசிவது தெரியாது. ஒரு சொட்டுக் கசிந்தாலும் அன்றைக்கே போன் செய்யுங்கள்.

அன்றிரவு அம்மாவை வார்டுக்குக் கொண்டுவந்தபோது முழிப்பு வந்திருந்தது. மூட்டு இருக்கிறது என்று சொன்னேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தேன்.