உருமிகளுக்கு நடுவில் ஏழாவது பாட்டு

என் கைப்பேசியில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன்: தப்பான ஆல்பத்தில் போய் மாட்டிக்கொண்ட நல்ல பாட்டுகள். நம் ஊர் ஆல்பங்களில் இதற்குப் பஞ்சமே இல்லை. பத்து ராப் பாட்டுகளைத் தாண்டி, யாரும் போய்ச் சேராத கடைசி இடத்தில், மூச்சை நிறுத்திக் கேட்க வேண்டிய ஒரு தாலாட்டு இருக்கும். தீபாவளிக்கு அவசரமாக வந்த தொகுப்பில், கோரஸ் கூச்சலுக்கு நடுவே, ஒருவர் மழையைப் பற்றித் தனியாகப் பாடிக்கொண்டிருப்பார். அப்படியே தூக்கி வேறு இடத்தில் வைத்துவிடலாமா என்று கை பரபரக்கும். இந்தப் பரபரப்பு எனக்கு எட்டு வயதில் தொடங்கியது. காரணம் என் மாமா.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மலேசியாவில், கிள்ளானில் எங்கள் அடுக்குமாடி வீட்டுப் பின்னறையில் இருந்தார். தினமும் ரயில் பிடித்து கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் போய் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்தார். அடுத்தவர் பாட்டைப் பதிவு செய்வது வேலை. தன் பாட்டுகளைச் சேர்த்து ஓர் ஆல்பம் போடுவது கனவு.

அந்தப் பாட்டுகளில் ஒன்று மட்டும் எங்கள் வீட்டு வாசலை ஒட்டிய மாடி நடைபாதையில் பிறந்தது. காலையில் பல் தேய்த்துக்கொண்டே, எதிர் பிளாக்கைப் பார்த்தபடி முணுமுணுப்பார். நான் கம்பிகளுக்கு நடுவே காலைத் தொங்கப்போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். கீழே கார்களின் மேல் பனி இருக்கும். ஒருத்தி வெளியே வந்து ஈரத் தலைமுடியைக் காயவைக்கிறாள். அதைப் பார்த்து ஒருவனுக்குப் பொழுது விடிகிறது. பாட்டில் அவ்வளவுதான் விஷயம். ஆனால் ரயில் மெதுவாகக் கிளம்பும்போது வயிற்றுக்குள் ஒன்று நகருமே, அது நகரும்.

ஆல்பம் வந்தது. ஒன்பது பாட்டு. அது மட்டும் இல்லை.

"நம்ம பாட்டு எங்க மாமா?"

"இடம் பத்தல லா," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

தைப்பூச விரதம் தொடங்கிய நேரம் அவருடைய கூடத்திலிருந்து ஒரு பக்திப் பாடல் சிடி வந்தது. எல்லாம் உருமி அதிரும் காவடிப் பாட்டுகள். ஏழாவதைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. நம் பாட்டு! முன்னால் ஒரு கோயில் மணியைச் சேர்த்திருந்தார்கள். தலைமுடி வரும் இரண்டாவது சரணத்தில் உருமி மேளத்தைக் கொட்டி வார்த்தையே கேட்காமல் செய்திருந்தார்கள். வேலும் இல்லை, மயிலும் இல்லை. அந்தக் கூட்டத்தில் அது வழி தவறி வந்த பிள்ளைபோல் நின்றது. அம்மாவும் கேட்டார். மாமாவை ஒரு பார்வை பார்த்து, "உனக்கு ரொம்பத்தான் தைரியம்," என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டார். கூடத்து முதலாளியிடம் பாட்டைக் கொடுத்த தைரியத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எதிர் பிளாக்கில் ஓர் அக்கா தன் அப்பாவோடு இருந்தார். அந்த அங்கிள் வருடம் முழுக்கவே வீட்டில் சாமிப் பாட்டைத் தவிர வேறெதையும் போட விடமாட்டார். விரத நாட்களில் தொலைக்காட்சிக்குக்கூடத் துணி போர்த்திவிடுவார். மாமாவே அந்த சிடியைக் கொண்டுபோய், இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் விடியலிலிருந்து அந்தப் பாட்டுகள் கார்களுக்கு மேலே மிதந்து எங்கள் வீட்டுக்கு வந்தன. ஏழாவது வரும்போது மாமாவின் பல் தேய்க்கும் பிரஷ் வாயிலேயே நின்றுவிடும். அக்கா வெளியே வருவார், தலையைக் காயவைப்பார், உள்ளே போய்விடுவார். இப்படியே மூன்று வாரம். நாளுக்கு நாள் மாமாவின் முகம் நீண்டுகொண்டே போனது.

ஒரு நல்ல பாட்டு தப்பான இடத்தில் கிடந்தால் யாருக்குத்தான் வருத்தம் இருக்காது? நானே சரிசெய்வது என்று கிளம்பினேன்.

ஒரு சனிக்கிழமை, மாமாவின் சொந்த ஆல்பத்தை எடுத்துக்கொண்டு போனேன், மாற்றிக் கொடுப்பதற்காக. அங்கிள் காவடிக்கு மயிலிறகு அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அங்கிள், அந்த சிடியில ஏழாவது பாட்டு சாமி பாட்டு இல்ல. தப்பா வந்துருச்சு."

"என்னம்மா நீ, எனக்குப் புடிச்சதே அதுதான் லா! எப்படி உருகியிருக்கான் அந்தப் பையன்!"

"முருகனுக்கு எதுக்கு அங்கிள் தலைமுடி காயணும்?"

கேட்டதோடு நிற்காமல், இரண்டாவது சரணத்தைப் பள்ளிக்கூடத்துக் கவிதைப் போட்டியில் சொல்வதுபோல் கைகட்டி நின்று, ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். உருமி இல்லாமல் அது எவ்வளவு தெளிவாக இருந்தது! அப்போதுதான் குளித்துவிட்டு வந்த அக்கா கதவருகே நின்று கேட்டார். தலையில் சுற்றியிருந்த துண்டை மெல்லத் தொட்டுப் பார்த்தார். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"யாரும்மா எழுதுனது?" என்றார் அங்கிள்.

"எங்க மாமா," என்றேன் பெருமையாக.

அவர் எழுந்துபோய், மெல்லப் பாடிக்கொண்டிருந்த பாட்டுப் பெட்டியை நிறுத்தினார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமா கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "அந்த அக்கா இருந்தாங்களா?" என்று மட்டும் கேட்டார். இருந்தார்கள் என்றேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டதையும் சொன்னேன். மாமா அன்று சாப்பிடவில்லை. அடுத்த நாலு நாள் எதிரிலிருந்து பாட்டு வரவில்லை; தலை காயவைக்க அக்காவும் வரவில்லை. மாமா குளியலறைக்குள்ளேயே பல் தேய்த்துவிட்டு முதல் ரயிலுக்குப் போனார்.

ஐந்தாம் நாள் பள்ளிவிட்டு வந்து வெளியே நின்றேன். மதிய வெயிலில் எல்லாமே தூங்கிக்கொண்டிருந்தது. அங்கிள் வேலைக்குப் போயிருந்தார். பாதி திறந்த கதவு வழியாக, மெல்லிய சத்தத்தில், எதிர் வீட்டிலிருந்து பாட்டு வந்தது. முதல் பாட்டு இல்லை, நேராக ஏழாவது. முடிந்ததும் மறுபடியும் ஏழாவது. எனக்குக் கோபமான கோபம். ஓர் ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்பதுதான் மரியாதை என்று நம்பிய வயது. மாமா வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் புகார் சொன்னேன்.

"அந்த அக்காவுக்குப் பாட்டு கேக்கவே தெரியல மாமா. ஒரே பாட்டையே திருப்பித் திருப்பிப் போடுறாங்க. மத்த பாட்டெல்லாம் பாவம்."

மாமாவின் தோளில் பை அப்படியே இருந்தது. "எத்தன தடவ?"

"நாலு."

"முழுசாவா?"

"முழுசா. நாளைக்கு நான் போயி சொல்லிட்டு வரட்டா, அப்படிக் கேக்கக் கூடாதுன்னு?"

"ஏய் வாயாடி! அந்தப் பக்கம் கால வச்ச, தொலைச்சிருவேன்!"

மாமா என்னைத் திட்டியது அதுதான் முதல் தடவை. ஆனால் திட்டும்போதே சிரித்துக்கொண்டிருந்தார்; சிரிக்கும்போதே கண் கலங்கியிருந்தது. மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, மதியம்வரை நடைபாதையிலேயே, தலை வாரி, நல்ல சட்டை போட்டு நின்றார். பாவம், காய்ச்சல் என்றுதான் நினைத்தேன்.